மெலாக்கேயில் பாதிக் குளிர்காலம்

2007 ஜனவரி 14, ஞாயிறு, காலை நாலரை மணி. மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன். வெளியே மைனஸ் பதினெட்டு.

எங்கள் வீடு மேல்மாடியில் இருக்கிறது. இந்த நகரத்தில் மாடிப்படிகளை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் வளைந்து நெளிந்து அழகாக இருக்கும். சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். குளிர்காலத்தில் அதே இரும்புப் படிகளில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். அப்போது படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை.

என் மனைவி பத்மா இரண்டு வருடங்களுக்கு முன்னர் அந்தப் படிகளில் மேலிருந்து தெரு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனாள். தையல் மெஷினின் மிதியைப் பதினாறு வருடம் மிதித்துத் தேய்ந்த வலது முழங்கால் அன்றோடு வேலைநிறுத்தம் செய்தது. அதற்குப் பிறகு முதல் பனி விழுந்தால் ஏப்ரல் வரை அவள் கீழே இறங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் மருமகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகச் சாமி தூக்குவது போல இறக்குவோம். அன்று காலையும் அப்படித்தான் இறக்கினோம். பெட்டிகள் பின்னால் வந்தன. கொட்டாவி விட்டுக்கொண்டு மகள் சுகந்தி மேலே நின்று கை காட்டினாள். பேத்தி ஆரணி நித்திரை. எழுப்ப வேண்டாம் என்று நானே பெருந்தன்மையாகச் சொன்னேன். விமானம் கிளம்புவதற்கு முன்பே அதற்காக வருந்தத் தொடங்கிவிட்டேன்.

நான் இரண்டு தடவை ஓய்வுபெற்றவன். முதல் தடவை, சபனெல் தெருவில் நானும் பத்மாவும் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடினார்கள். இரண்டாவது தடவை என்னை வேலையால் நிற்பாட்டியது என் மகள். மூன்றரை வயது ஆரணியை நாங்கள்தான் பகலில் பார்த்துக்கொண்டிருந்தோம். செப்டம்பரில் கார்தெரியில் இடம் கிடைத்தது. குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் அந்த இடத்துக்கு நாளொன்றுக்கு ஏழு டொலர். நாங்கள் சும்மா பார்த்தோம். இருந்தும் போட்டியில் தோற்றுவிட்டோம். அங்கே வண்ணக் களிமண் இருக்கிறது, பிரெஞ்சு இருக்கிறது. என்னிடம் இருந்தவை பழைய பத்திரிகைகளும் கொஞ்சம் வாய்ப்பாடும்.

மெக்சிக்கோ யோசனை ஜினெட்டுடையது. ஜினெட் எங்கள் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். பதினாறு வருடம் பத்மாவின் தலைக்குப் பின்னால் நின்று, "மதாம் பத்மா, ப்ளு வீத், ப்ளு வீத்" என்று, அதாவது இன்னும் கெதியாக, இன்னும் வேகமாக என்று கத்திய பெண். இப்போது கணவனை இழந்து, ஒவ்வொரு குளிர்காலமும் பசிபிக் கரையில் மெலாக்கே என்ற ஊரில் இருக்கிறார். டிசம்பரில் நத்தாருக்குத் தொலைபேசியில் பேசும்போது பத்மாவின் காலைப் பற்றிக் கேட்டார். "அடுத்த அறை காலியாக இருக்கிறது. இங்கே படியே கிடையாது" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் டிக்கெட் போட்டோம். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள். பிப்ரவரி 25 திரும்புவது.

நாங்கள் போயிருக்க வேண்டிய இடம் வேறு. சமாதான காலத்தில் திருகோணமலை வீட்டுக்குக் கூரை மாற்றி, இனிக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் என்று இருந்தோம். போன வருடம் சண்டை திரும்பி வந்துவிட்டது. புதுக் கூரையின் கீழ் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

பார்க் எக்ஸில் இதை விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் ஆட்கள் ஓர் இடத்துக்குப் போவதென்றால் அங்கே ஒரு கலியாணமோ செத்தவீடோ கோயிலோ இருக்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரர் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"மெக்சிக்கோவில ஆர் இருக்கினம் அண்ணை?"

"ஒருத்தரும் இல்லை."

"பேந்தேன் போறியள்?"

"கடல் பாக்க."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அக்காவுக்கு வருத்தம் கூடவோ?" என்று நோயாளியை விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அதே நாள், பிற்பகல் ஒன்றரை. புவெர்த்தோ வயார்த்தா விமான நிலையம். ஆறு மணி நேரம் பறந்து வந்து, கம்பளிக் கோட்டோடு முப்பது பாகை வெயிலில் இறங்கினோம்.

மெக்சிக்கோவின் சுங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு பொத்தானை அமத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் பல விமான நிலையங்களைக் கண்டவன் நான். இந்தப் பொத்தானுக்கு என் நிறம் தெரியாது என்ற மகிழ்ச்சியோடு அமத்தினேன். சிவப்பு.

பெட்டிக்குள் பத்துக் கிலோ அரிசி, பருப்பு, மூன்று கிலோ வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், பழப்புளி. இளம் அதிகாரி பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சிலே" என்றேன், மிளகாய் என்பதற்கு. எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் அது பாதி.

அவர் முகர்ந்தார், மூன்று தரம் தும்மினார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். மிளகாய் உலகத்துக்குப் போனதே இந்த நாட்டிலிருந்துதான். அந்த நாட்டுக்கு மிளகாய் கொண்டுவந்த முதல் தம்பதி நாங்களாக இருக்க வேண்டும். அனுதாபத்தோடு பெட்டியை மூடித் தந்தார்கள்.

"நான் சொன்னனான், வேண்டாமெண்டு" என்றேன் வெளியே வந்ததும்.

"நீங்க ஒண்டும் சொல்லேல்ல. 'ரெண்டு கிலோ காணுமோ' எண்டுதான் கேட்டனீங்கள்" என்றாள் பத்மா.

மெலாக்கே அங்கிருந்து தெற்கே இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஆளுக்கு நூற்றெண்பது பெசோ. அந்தக் காலத்தில் ஒரு கனடா டொலருக்கு ஒன்பது பெசோவுக்குச் சற்று மேலே. மலைப்பாதையில் ஐந்து மணி நேரம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "இந்தியா?" என்றார். "கனடா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

ஜனவரி 15, திங்கள், காலை. இருட்டில் வந்து இறங்கியதால் ஊரை விடிந்துதான் பார்த்தோம். வீட்டுக்காரி தோன்யா லூபே, எழுபது வயதுக்காரி, குள்ளம், வெள்ளைப் பின்னல். நீளமான ஒரு முற்றம். அதைச் சுற்றி ஒரே தளத்தில் ஐந்து அறைகள். ஐந்து பிள்ளைகளுக்காகக் கட்டியவை. ஐந்து பேரும் சிக்காகோவில் இருக்கிறார்கள். வடக்கே போன பிள்ளைகளின் அறைகளில் வடக்கேயிருந்து வந்த கிழடுகள் குடியிருக்கிறோம். வாடகை மாதம் மூவாயிரத்தெண்ணூறு பெசோ, அடுப்பும் பாத்திரங்களும் சேர்த்து. சுவரில் பேரப்பிள்ளைகளின் படங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். பத்மா தன் கைப்பையிலிருந்து ஆரணியின் படத்தை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. முக்கால் மணி நேரம் கதைத்தார்கள்.

கடல் நூற்றைம்பது மீற்றரில். வளைந்து கிடக்கும் குடா, ஒரு முனையில் பாறைகள், பழுப்பு மணல். நான் வாயைத் திறந்தேன்.

"திருகோணமலை மாதிரி எண்டு சொல்லாதேங்கோ" என்றாள் பத்மா.

"நான் அப்பிடிச் சொல்ல வரேல்ல."

"வந்தனீங்கள். இது இதாயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் எனக்குள் குறித்துக்கொண்டேன். எங்கள் கடலில் சூரியன் எழும்பும். இங்கே விழுகிறது. ஒவ்வொரு மாலையும் கனடா, அமெரிக்கக் கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது விழுவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நான் கைதட்டவில்லை. ஆனால் கடைசிக் கிழமை வரை பார்க்காமல் ஒரு மாலையும் விட்டதில்லை.

காலை எட்டரைக்கு ஜினெட் தண்ணீருக்குள் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார். குடாவின் அமைதியான மூலையில், இடுப்பளவு நீரில், பதினைந்து இருபது மூதாட்டிகள். அவர்களுடைய நீச்சலுடைகளை வர்ணிப்பது என் வயதுக்கு அழகல்ல. வர்ணிக்கவும் அதிகம் இல்லை. முதல் இரண்டு நாள் பத்மா கரையிலே நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் வீட்டில் போடும் சோட்டியோடு, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பூப்போட்ட அந்தப் பருத்திச் சட்டையோடு, நேரே கடலுக்குள் நடந்தாள்.

சோட்டி காற்றை வாங்கிக்கொண்டு அவளைச் சுற்றிக் குடைபோல மேலே எழும்பியது. மூதாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"மதாம் பத்மா, காலைத் தூக்குங்கள். இன்னும் மேலே. ப்ளு வீத்" என்று ஜினெட்டின் குரல் கேட்டது. பதினாறு வருடம் கேட்ட அதே குரல். பத்மா அந்தக் குரலுக்குத் திட்டுவதைத்தான் நான் இதுவரை கேட்டிருக்கிறேன். அன்று சிரிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் கிழமை கைத்தடியை அறையில் விட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் கிழமை சந்தைக்குத் தனியே போய்வந்தாள். வாழைக்காய், தேசிக்காய், ஒரு முழுப் பாரை மீன். கடற்கரையில் ஒரு பெண் மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பத்து பெசோவுக்கு விற்றாள். பத்மா அதைத் தின்றுபார்த்து, அடுத்த நாள் எங்கள் தூளில் ஒரு போத்தல் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள். அதன்பின் எங்களுக்கு மாங்காய் சும்மா வந்தது. வெயிலில் தோல் உரிந்த இரண்டு கியூபெக் மூதாட்டிகள் தங்களுக்கும் சோட்டி வேண்டுமென்றார்கள். தோன்யா லூபேயிடம் பழைய கைமெஷின் ஒன்று இருந்தது. மிதி இல்லாத மெஷின் என்பதில் பத்மாவுக்குத் தனிச் சந்தோசம். பிப்ரவரி நடுவில் மெலாக்கேயின் கடலுக்குள் மூன்று சோட்டிகள் மிதந்தன.

ஆக, சந்தோசமாக இருந்தாள். துன்பப்பட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சதுக்கத்தில் இருக்கும் தொலைபேசிக் கடைக்குப் போவோம். மரக் கூண்டுக்குள் நின்று பேச வேண்டும். முதல் ஞாயிறு ஆரணி, "அப்பப்பா, ஸ்னோமேன் செய்தனான்" என்றாள். நான் அவளுக்கு அம்மாவின் அப்பா. அம்மப்பா என்றுதான் சொல்ல வேண்டும். திருத்தினேன். மூன்றாம் ஞாயிறு, "பொன்ஜூர் பப்பி" என்றாள். பிரெஞ்சில் தாத்தாவுக்கு அப்படிச் சொல்வார்கள். திருத்த மனம் வரவில்லை. நாலாம் ஞாயிறு தொலைபேசிக்கே வரவில்லை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி மேசையில் வைத்த ரிசீவருக்குள்ளால் கார்ட்டூன் சத்தத்தை இரண்டு நிமிடம் கேட்டேன். நிமிடத்துக்கு ஐந்து பெசோ. அதற்கு மேலும் கேட்டிருப்பேன். கூண்டுக்கு வெளியே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரங்களில் கரையோரமாக நடந்தால் எதிரே வரும் ஒவ்வொரு குழந்தையும் மூன்றரை வயதாகத் தெரிந்தது. பனியைக்கூட நினைக்கத் தொடங்கினேன். இருபத்திரண்டு வருடம் நான் திட்டிய பனி. காலையில் ஆரணியின் சப்பாத்துக்குள் காலைத் திணித்து, சிப் இழுத்து, கையுறை மாட்டி முடிக்கும்போது "அம்மப்பா, மூத்திரம் வருது" என்பாளே, அந்தப் பனி.

பிப்ரவரி 19, திங்கள், மாலை. சூரியன் விழ இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பத்மா மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் மார்ச் முடியும் வரைக்கும் நிண்டுட்டு வரட்டோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "நாங்கள் எண்டு சொல்லும்."

"நீங்களும் நிண்டால் நல்லது. நிப்பியளோ?"

நான் காரணங்களை எடுத்து வைத்தேன். வருமானவரிப் பத்திரம் நிரப்ப வேண்டும். நூலகப் புத்தகங்கள் இரண்டு தவணை கடந்துவிட்டன. தண்ணீர்க் குழாய் உறைந்தால் வீட்டுக்காரன் கத்துவான். படிப்பாளி என்று பெயர் எடுத்தவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

"உங்களுக்கு ஆரணியைப் பாக்க வேணும்" என்றாள் பத்மா. "அதைச் சொல்லுங்கோவன். அதுக்கேன் குழாயை இழுக்கிறியள்?"

"உமக்குப் பாக்க வேண்டாமோ?"

"வேணும்." கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நித்திரையிலையும் அவளின்ர மணம் வருது. ஆனா அங்க போனா நான் இருப்பன், அவள் வருவாள், போவாள். இஞ்ச நான் நடக்கிறன்."

"தனிய விட்டுட்டு வந்தன் எண்டு சனம் என்ன கதைக்கும்?"

"சனம் என்ர படியால ஏறி இறங்கிப் பாத்துட்டுக் கதைக்கட்டும்."

முப்பத்துநாலு வருடக் கலியாணத்தில் நாங்கள் தனித்தனியே இருந்தது இரண்டு முறை. நான் முதலில் கனடாவுக்கு வந்தபோது, அவள் சுகந்தியைப் பெற ஆஸ்பத்திரியில் இருந்தபோது. இரண்டிலும் அவள் விரும்பி இருக்கவில்லை. இப்போது அவளே விரும்பிக் கேட்கிறாள். நானும் நிற்கிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயில் வந்தது வேறு.

"தனிய நித்திரை கொள்ளப் பயமில்லையோ?"

"ஜினெட் பக்கத்து அறை. லூபே முன்னறை. உங்கட குறட்டை மட்டும்தான் குறையும்."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சூரியன் விழுந்திருந்தது. அன்று நான் பார்க்கவில்லை.

சுகந்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "அம்மா நிக்கட்டும் அப்பா. டிக்கெட்டை நான் மாத்திறன்" என்றாள். "நீங்களும் நில்லுங்கோவன். ஆரணி ஓகே." அந்தக் கடைசி இரண்டு சொற்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு, காலை ஆறு மணி. பஸ் நிலையம் வீட்டிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. பத்மா வந்தாள். என் பெட்டியின் ஒரு பிடியை அவள் பிடித்தாள். விடச் சொன்னேன், கேட்கவில்லை. வழியில் மாங்காய்க்காரி கடை பரப்பிக்கொண்டிருந்தாள். பத்மாவுக்குக் கை காட்டினாள், எனக்கு இல்லை.

"சாப்பாடு செய்யத் தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"பருப்புக்கு முதல்ல உப்புப் போடாதேங்கோ. அவியாது."

"தெரியும், பத்மா."

பஸ் இயந்திரம் உறுமியது. அவள் என் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டு எத்தனையோ காலம். "கவனமா ஏறி இறங்குங்கோ, அங்க" என்றாள்.

யன்னலுக்குள்ளால் பார்த்தேன். பஸ் புறப்படும் வரைக்கும் நின்று கையசைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வகுப்புக்கு முன்னர் மீன் வாங்க வேண்டியிருந்தது போலும். திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். சுவரைப் பிடிக்கவில்லை. நொண்டவில்லை. ஒரு நாயைச் சுற்றிக்கொண்டு, நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கி, மறுபக்கம் ஏறி, மூலையில் மறைந்தாள். இப்படி நடப்பவளை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஐந்து மணி நேரமும் யோசித்துக்கொண்டு போனேன்.

அதே நாள், இரவு. மொன்றியல். மைனஸ் இருபது. ஆரணி விழித்திருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததெல்லாம் கிடைத்தது; அந்தக் கன்னம், அந்த மணம், "அம்மப்பா" என்ற சொல்கூட. பத்து நிமிடம். பிறகு நான் கொண்டுவந்த, மரத்தில் செய்த பொம்மைத் தவளையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இதற்காகத்தானே வந்தாய் என்று என்னையே கேட்டேன். ஓம், இதற்காகத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச். கிழமை நாட்களில் ஆரணி கார்தெரியில். நான் சமையலறை யன்னலடியில் தேத்தண்ணியோடு இருக்கிறேன். இந்த இடத்தில் இருந்துதான் பத்மா இரண்டு குளிர்காலத்தைக் கழித்தாள். மேலிருந்து பார்த்தால் பார்க் எக்ஸின் மனிதர்களுக்கு முகம் கிடையாது; தொப்பிகள் மட்டுமே. "சிவப்புத் தொப்பிக்காரி இண்டைக்கும் பிந்திப் போறாள்" என்பாள் அவள். நான் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து "ம்" என்பேன். ஆர் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது எனக்கே தெரியும். காலை எட்டேகாலுக்கு மெட்ரோவுக்கு ஓடுகிறாள். வழுக்குகிறாள், விளக்குக் கம்பத்தைப் பிடித்து நிற்கிறாள், பிறகும் ஓடுகிறாள். சொல்லத் திரும்பினால் அடுப்புத்தான் இருக்கிறது.

கடைக்காரர் கேட்டார்: "அக்கா எங்க அண்ணை?"

"மெக்சிக்கோவில."

"நீங்கள்?"

"நான் இஞ்ச."

அவர் மிச்சக் காசைத் தருவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தார். அன்று மாலைக்குள் பார்க் எக்ஸ் முழுக்க நாங்கள் பிரிந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 18. இந்தமுறை தொலைபேசி அங்கிருந்து வந்தது. பின்னால் மணிச்சத்தம், சதுக்கத்தின் இரைச்சல், யாரோ சிரிப்பது.

"கடல் எப்பிடி?" என்றேன். இருபது வருடமாக அவளிடம் என்ன சமையல் என்றுதான் கேட்டு வந்திருக்கிறேன்.

"இண்டைக்குக் கொஞ்சம் முரடு. நான் கழுத்தளவுக்குப் போனனான்." பிறகு, "அங்க என்ன புதினம்?"

"சிவப்புத் தொப்பிக்காரி வியாழன் வரேல்ல. வருத்தமோ தெரியேல்ல."

அந்தப் பக்கம் அவள் கூண்டின் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. ஐந்து பெசோ, பத்துப் பெசோ என்று மனதுக்குள் கணக்கு ஓடியது, அதை நிற்பாட்டினேன்.

"நீங்க அதில இருக்கிறியளோ" என்றாள் மெதுவாக.

"ஓம்."

"முதுகுக்குத் தலகாணி ஒண்டு வையுங்கோ. காத்து வரும்." பிறகு சொன்னாள்: "லூபே அடுத்த வருசத்துக்கு அறை வேணுமோ எண்டு கேக்கிறா. மூண்டு மாசத்துக்குச் சொல்லப்போறன். ஒராளுக்கோ ரெண்டு பேருக்கோ எண்டும் கேட்டவ. அவரைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

ஆரணி கதிரையில் ஏறிநின்று யன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, அதில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் நாலரை வயது. மூன்று மாதம் என்பது அந்த வயதில் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டு பேருக்கு எண்டு சொல்லும்."

"ஆரணி?"

"ஆரணி ஓகே" என்றேன்.

தொலைபேசியை வைத்தேன். ஆரணி திரும்பாமல் பிரெஞ்சில் கேட்டாள், யார் என்று.

"அம்மம்மா."

"எங்க நிக்கிறா?"

"கடலுக்குள்ள."

அவள் ஒருமுறை தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமான விடையாக இருந்தது. கண்ணாடியில் கீறியது மங்கத் தொடங்கியதும் மறுபடி மூச்சு விட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று, விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு தொப்பிகூட இல்லை.